பாறையும் மதிலும் பெருவழியும்: ரஞ்சன்குடி வட்டாரத்தில் நிலவமைப்பும் தெருவமைப்பும் சாலையை வகுத்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நகரச் சாலைகளின் அகலம், வளைவு, ஏற்றம் ஆகியவற்றைப் பொறியியல் விதிகள் தீர்மானிப்பதாகத் தோன்றினாலும், அவற்றுக்கு முன்பே நிலத்தின் மேடுபள்ளமும் நீரோட்டமும் பழைய தெருக்களின் ஒழுங்கும் அவற்றை வகுத்துவிடுகின்றன. பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையை மையமாகக் கொண்டு, அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம், திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி ஆகியவற்றுடன் ஒப்பிட்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. நிலம் மதிலை வகுத்தது. மதில் தெருவை வகுத்தது. மதில் அழிந்த பின் அதன் தடமும் கல்லும் சாலையாக மாறின என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம், பேட்டை, பெருவழி, கங்கைகொண்ட சோழபுரம், கட்டத் தெருவமைப்பு, கீழணை.

முன்னுரை

ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் நேர்த்தெருக்களால் ஊரைச் சதுரங்களாகப் பகுக்கும் முறையைக் கட்டத் தெருவமைப்பு எனலாம். நிலத்தை அளப்பதற்கும் மனைகளாகப் பிரிப்பதற்கும் விற்பதற்கும் இதனைவிட எளிய முறை இல்லை. ஆனால் தாளில் வரையப்படும் கட்டம் சமதளத்தை முன்னிறுத்துகிறது. குன்றுகள் நிறைந்த சான் பிரான்சிஸ்கோ நகரில் 19ஆம் நூற்றாண்டில் நேர்க்கோட்டுத் தெருக்களை மேடுகளின் மீதே வரைந்தனர். குதிரைகள் இழுக்க இயலாத ஏற்றங்கள் உருவாயின. அதன் விளைவாகவே 1873இல் கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டி அங்கே தோன்றியது. தெருவமைப்பு நிலத்தை மதிக்காதபோது அதன் விலையைப் போக்குவரத்து செலுத்த நேர்கிறது.

தமிழகத்து மரபு இச்சிக்கலை அறியாததன்று. மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் தண்டகம், நந்தியாவர்த்தம், பதுமகம், சுவத்திகம், கார்முகம் எனக் குடியிருப்பு அமைப்புகளை வகைப்படுத்துகின்றன. இவற்றுள் கார்முகம் வில்போல் வளைந்தது. ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் உரியது. கரையின் வளைவைத் தெருவும் ஏற்கவேண்டும் என்னும் உணர்வு இவ்வகைப்பாட்டிலேயே அடங்கியுள்ளது. பாறை மேல் எழுந்த ரஞ்சன்குடியும் மேட்டுச் சமவெளியில் எழுந்த கங்கைகொண்ட சோழபுரமும் அடுத்தடுத்த மாவட்டங்களில் அமைந்து, இவ்வுணர்வைச் சோதித்துப் பார்க்க இடந்தருகின்றன.

1. நிலவமைப்பும் பெருவழியின் போக்கும்

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் பச்சைமலை நிற்கிறது. வடக்கெல்லையில் வெள்ளாறு ஓடுகிறது. தெற்கே கொள்ளிடம். இவற்றுக்கு இடைப்பட்ட நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. பச்சைமலையில் தோன்றும் மருதையாறு கிழக்கு நோக்கி ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. ஏனைய ஓடைகளும் பெரும்பாலும் இச்சரிவையே பின்பற்றுகின்றன. மேற்குப் பகுதி கடினப் பாறை நிலம். கிழக்கே செல்லச் செல்ல ஊட்டத்தூர், அரியலூர் ஆகிய ஊர்களின் பெயர்களாலேயே புவியியலாளர் வழங்கும் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகள் வெளிப்படுகின்றன.

திருச்சியிலிருந்து வடக்கே செல்லும் வழி, இந்நிலத்தில் மலைக்கும் தாழ்நிலத்திற்கும் இடைப்பட்ட பாறைத்தளத்தைத் தேர்ந்துகொண்டது. இத்தேர்வின் காரணம் நீரோட்டத்திலேயே உள்ளது. வடக்கு தெற்காகச் செல்லும் எவ்வழியும் இங்கே கிழக்கு நோக்கி ஓடும் நீர்நிலைகளைக் குறுக்கிட்டே ஆகவேண்டும். கடற்கரையை ஒட்டிச் சென்றால் அகன்ற கழிமுகங்களையும் சேற்று நிலங்களையும் கடக்க நேரும். மலையடியை மிக நெருங்கினால் ஏற்ற இறக்கங்களும் திடீர் வெள்ளமும் எதிர்ப்படும். இடைப்பட்ட தளத்தில் ஓடைகள் இன்னும் குறுகியவை. நிலமோ வண்டி செல்லும் அளவிற்குச் சமமானது. முன்னர் 45 என்றும் தற்போது 38 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலை இந்த இடைத்தளத்தின் வழியாகவே பாடாலூர், பெரம்பலூர், வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி வட்டாரங்களைக் கடந்து தொழுதூர் அருகே வெள்ளாற்றைத் தாண்டுகிறது. நெடுஞ்சாலையின் எண்ணும் அகலமும் மாறின. அது தேர்ந்த தளம் மாறவில்லை.

2. ரஞ்சன்குடி: பாறை வகுத்த அடுக்குகள்

ரஞ்சன்குடிக் கோட்டை நெடுஞ்சாலையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் ஜாகீர்தார் ஒருவர் இதனைக் கட்டியதாக இந்தியத் தொல்லியல் துறையின் விளக்கம் கூறுகிறது. கோட்டை நீள்வடிவத் தரைப்பரப்பு உடையது. அரைவட்டக் கொத்தளங்களும் சுற்றிலும் அகழியும் கொண்டது. செதுக்கிய கற்களால் ஆன மூன்று அரண்கள் வெவ்வேறு மட்டங்களில் எழுப்பப்பட்டுள்ளன. கீழ்மட்டம் பேட்டை எனவும் மேல்மட்டம் கோட்டைமேடு எனவும் வழங்குகின்றன. அரண்மனை, குடியிருப்புகள், நிலவறைகள் ஆகியவற்றின் எச்சங்களோடு கோட்டையையும் பேட்டையையும் இணைக்கும் சுரங்கவழியும் குறிப்பிடப்படுகிறது.

இவ்வமைப்பைத் தெருவமைப்பு என்னும் கோணத்தில் நோக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, மதில்களின் வடிவத்தைப் பாறையே தந்துள்ளது. சமதளத்தில் கட்டப்படும் கோட்டை நாற்கரமாக அமைவது எளிது. பாறையின் மீது ஒரே மட்டத்தில் மதில் செல்லவேண்டுமாயின் அது பாறையின் புறக்கோட்டைத் தழுவி வளைந்தாக வேண்டும். மதில் வளையும்போது அதன் உட்புறம் செல்லும் பாதையும் வளைகிறது. எனவே இங்குக் கட்டத் தெருவமைப்பிற்கு இடமில்லை.

இரண்டாவது, மேல்கீழ் இணைப்பு குறைவாகவும் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டதாகவும் உள்ளது. கட்டத் தெருவமைப்பில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லப் பல வழிகள் இருக்கும். ஒரு தெரு அடைபட்டாலும் அடுத்த தெரு உதவும். அடுக்கமைப்பிலோ ஒவ்வொரு மட்டத்திற்கும் வாயில் வழியாகவே ஏறவேண்டும். பாதுகாப்பிற்கு இது வலிமை. போக்குவரத்திற்கு இதுவே தடை. சுரங்கவழி அமைத்ததற்கும் இதனையே காரணமாகக் கொள்ளலாம். மேற்பரப்பில் வழிகள் சுருங்கியதால் நிலத்தடியில் மற்றொரு வழி தேவைப்பட்டது.

மூன்றாவது, பேட்டை என்னும் சொல். தமிழகத்தில் பேட்டை என்பது கோட்டையை ஒட்டி வணிகரும் கைவினைஞரும் வாழும் புறநகரைக் குறிக்கும். சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையும் 18ஆம் நூற்றாண்டில் நெசவாளர்க்காக அமைந்த குடியிருப்பே. சரக்கு வண்டி எட்டும் எல்லையே பேட்டையின் இடம். ரஞ்சன்குடியில் அது கீழ்மட்டத்தில் அமைந்தது இயல்பானதே. ஆட்சி மேட்டிலும் வணிகம் தாழ்விலும் நிற்க, பெருவழி இரண்டுக்கும் வெளியே சமதளத்தில் சென்றது. சமவெளியிலும் சிறு மேடுபள்ள நிலத்திலும் சாலையின் ஏற்றம் பொதுவாக 30 அடிக்கு 1 அடி என்னும் அளவைக் கடக்கலாகாது என்பது இன்றைய இந்தியச் சாலை விதி. பாரவண்டி இழுக்கும் மாடுகள் இவ்விதியை எழுதப்படாத காலத்திலேயே நடைமுறைப்படுத்தியிருந்தன.

3. 1751: பெருவழியைக் காத்த பாறை

கோட்டைக்கும் சாலைக்கும் உள்ள உறவு 1751இல் நடந்த வாலிகண்டாப் போரில் வெளிப்படையாகிறது. கர்நாடக நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்ட காலம் அது. முகம்மது அலி திருச்சியில் இருந்தார். ஆங்கிலேயர் அவரை ஆதரித்தனர். பிரெஞ்சுக்காரரின் துணையுடன் சந்தா சாகிபு திருச்சியை நோக்கி வந்தார். கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் புறப்பட்ட ஆங்கிலப் படை, நவாபின் படையுடன் இவ்வட்டாரத்தில் பாளையமிறங்கியது. திருச்சிக்குச் செல்லும் பெருவழியை மறிப்பதே அதன் நோக்கம்.

இப்போரை விரிவாக எழுதிய இராபர்ட் ஓர்ம், பாறையைச் சுற்றிய மூன்று மதில்களையும் அதனை அடுத்துச் சமதளத்தில் நின்ற கற்கோட்டையையும் மண்மதில் மட்டுமே கொண்ட ஊரையும் பிரித்துக் காட்டுகிறார். அவருடைய நூலின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. கோட்டைத் தலைவர் இரு தரப்பாருக்கும் உறுதி தராமல் காலம் கடத்தினார். தாக்குதலில் ஊர்ப்பகுதி எளிதில் வீழ்ந்தது, பாறை வீழவில்லை. சந்தா சாகிபின் படை நெருங்கியதும் ஆங்கிலப் படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது.

படைவரலாறாகவே படிக்கப்பட்டுவரும் இந்நிகழ்ச்சி நகர வரலாற்றுக்கும் சான்றாகிறது. ஒரே குடியிருப்பின் மூன்று பகுதிகள் நில உயரத்திற்கேற்ப மூன்று வகை வலிமை பெற்றிருந்தன. பெருவழிக்கு நெருங்கிய பேட்டையே முதலில் எரிகிறது. முதலில் வளர்வதும் அதுவே. சாலை தரும் செல்வமும் சாலை கொணரும் ஆபத்தும் ஒரே வாயிலில் நுழைந்தன. போர்க்காலம் நீண்ட இந்நூற்றாண்டில் ரஞ்சன்குடிப் பேட்டை பெருநகராக விரியாமைக்கு இதனை ஒரு காரணமாகக் கருத இடமுண்டு.

4. கங்கைகொண்ட சோழபுரம்: மேட்டுச் சமவெளியின் திட்டநகர்

ரஞ்சன்குடிக்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்தின் வடபுறத்தில், முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பினான். ஏறத்தாழ 250 ஆண்டுகள் அது சோழர் தலைநகராக விளங்கியது. நெல்வயல்களும் வாய்க்கால்களும் நெருங்கிய காவிரிப் படுகையை விட்டு, ஆற்று வெள்ளம் எட்டாத மேட்டுநிலத்தை மன்னன் தேர்ந்தான். ஆற்றுநீர் தானாக வராத இடத்திற்குச் சோழகங்கம் என்னும் பேரேரி தேவைப்பட்டது. திருவாலங்காட்டுச் செப்பேடு இதனை நீராலான வெற்றித்தூண் எனச் சிறப்பிக்கிறது. இன்று பொன்னேரி எனப்படும் இவ்வேரியின் கரை வடக்கு தெற்காக நீள்கிறது. கிழக்குச் சரிவை மறித்து நீரைத் தேக்குவதற்கு இதுவே பொருந்திய திசை.

மென்சரிவுடைய இப்பரப்பில் திசைகளை ஒட்டிய நகரமைப்பு இயன்றது. மாளிகைமேட்டில் அரண்மனை, அதற்கு வடகிழக்கில் பெருங்கோயில், சுற்றிலும் செங்கல் மதில். கல்வெட்டுகள் இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, குலோத்துங்கசோழன் திருமதில், திருவாசல், வேம்புகுடி வாசல், மதுராந்தக வடவாறு முதலிய பெயர்களைத் தருகின்றன. பெருவழிகள் மன்னர் பெயரையும், வாயில் ஒன்று அது இட்டுச்செல்லும் ஊரின் பெயரையும் தாங்கியுள்ளமை நோக்கத்தக்கது. முன்னது நகருக்குள்ளிருந்து பார்க்கும் பார்வை. பின்னது ஊருக்குப் போகின்றவனின் பார்வை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள், அழிந்த நகரின் பகுதிகளை வயல்களுக்கிடையே அடையாளம் காட்டுகின்றன.

ரஞ்சன்குடியில் பாறை தெருவைக் கட்டுப்படுத்தியது; தெரு அழியினும் பாறை நிற்பதால் அமைப்பு விளங்குகிறது. சோழபுரத்தில் சமநிலம் தெருவுக்கு உரிமை தந்தது. நகரம் கைவிடப்பட்டதும் அதே சமநிலத்தில் ஏர் தடையின்றி ஓடியது. மதிலின் செங்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. கோயிற் சுற்றுமதிலின் கருங்கற்கள் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கொண்டுசெல்லப்பட்டன. ஊரார் எதிர்த்தும் பயனில்லை என அக்காலக் குறிப்பு தெரிவிக்கிறது. அணைக்கரை எனப்படும் அவ்விடத்தில் அணையின் மேல் அமைந்த பாலத்தின் வழியாகவே சென்னை–கும்பகோணம் சாலைப் போக்குவரத்து நெடுங்காலம் நடந்தது. சோழர் தலைநகரின் மதிற்கல், ஆற்றைக் கடக்கும் சாலைக்கு அடித்தளமாயிற்று.

5. வாலிகண்டபுரமும் புதுச்சேரியின் கட்டமும்

ரஞ்சன்குடிக்கு அருகிலுள்ள வாலிகண்டபுரத்திற்கும் கட்டத் தெருவமைப்பின் வரலாற்றில் ஒரு தொடர்புண்டு. 17ஆம் நூற்றாண்டில் பீசப்பூர் சுல்தானின் ஆளுநராக இங்கிருந்து ஆண்ட ஷேர்கான் லோடியே பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேற 1673இல் இசைவளித்தவர். 1677இல் சிவாஜியிடம் தோல்வியுற்று அவர் ஆட்சியை இழந்தார். 1693இல் புதுச்சேரியைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர், அங்கே நேர்த்தெருக்கள் கொண்ட நகரத் திட்டத்தை வரைந்தனர்.

பாறையும் ஓடையும் குறுக்கிடாத கடற்கரை மணலில் கட்டம் எளிதில் பரவியது. ஆயினும் அங்கும் நிலம் தன் கோட்டை வரைந்தே உள்ளது. கடலோர மேட்டிற்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே தாழ்ந்து கிடந்த பகுதியில் வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் அமைந்தது. அதுவே கிழக்கே வெள்ளையர் நகரையும் மேற்கே தமிழர் நகரையும் பிரித்தது. நீர் வடிவதற்கான தாழ்வு, சமூகத்தைப் பிரிக்கும் எல்லையாகவும் பயன்படுத்தப்பட்டது. கட்டத் தெருவமைப்பு எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மையது என்னும் கருத்து இவ்விடத்தில் தளர்கிறது.

6. திருச்சிராப்பள்ளி: மதில் சாலையான நகரம்

1751இல் படைகள் நாடிய திருச்சிராப்பள்ளியும் பாறையைச் சுற்றி எழுந்த நகரமே. ஆண்டார் வீதிகள் முதலியன மலைக்கோட்டையின் அடியைச் சுற்றிச் செல்கின்றன. பாறையின் ஊடே தெரு செல்ல இயலாதாகையால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவேண்டிய அனைவரும் அச்சுற்றுத் தெருக்களிலேயே கூடவேண்டியுள்ளது. கடைவீதி நெரிசலுக்குத் தெருவின் குறுகிய அகலம் மட்டுமே காரணமன்று. மாற்றுவழி தராத நிலவமைப்பும் காரணமாகும்.

இங்கே வெளிமதிலுக்கு வேறொரு முடிவு நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அத்தடத்தில் மரநிழற் சாலைகள் அமைக்கப்பட்டு, பிரெஞ்சு மொழிச் சொல்லால் பூலிவார்டு எனப் பெயர்பெற்றன. மக்கள் வழக்கில் அது மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்றானது. மெயின்கார்டு கேட் என்னும் வாயில் மட்டும் மதிலின் நினைவாக எஞ்சியுள்ளது. மதுரையிலும் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதில் நீங்கி வெளிவீதிகள் தோன்றின. வியன்னாவில் 1857ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் மதிலிடத்தில் எழுந்த வட்டச்சாலை உலகறிந்தது. திருச்சியின் புலிவார்டு சாலைகளில் இன்று பேருந்து செல்லும் இடம், ஒருகாலத்தில் பகைவரை நிறுத்தவென அகழப்பட்ட இடமாகும்.

7. இன்றைய சாலை வடிவமைப்பிற்கான பொருள்

மேற்கண்ட வரலாறு நடைமுறைச் சிக்கல்களோடு நேரடித் தொடர்புடையது. முதலாவது, நீரோட்டம். பழைய வண்டிப்பாதை நிலமட்டத்திலேயே சென்றதால் மழைநீர் அதனைக் கடந்து ஓடியது. நான்குவழி நெடுஞ்சாலை உயர்ந்த கரையின் மீது செல்கிறது. மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் நிலத்தில் வடக்கு தெற்காக நீளும் எக்கரையும் ஓர் ஏரிக்கரையே. சோழகங்கத்தின் கரை நீரைத் தேக்கவே கட்டப்பட்டது. சாலைக்கரை அவ்வாறு தேக்கலாகாது. ஓடைகளிலும், ஏரிக்கு நீர் கொணரும் வரத்துவாய்க்கால்களிலும் போதிய அகலமுள்ள சிறுபாலங்கள் இல்லையெனில், மேற்கே வயல் மூழ்கும். கிழக்கே ஏரி வறண்டுபோகும்.

இரண்டாவது, தெருத்தொடர்ச்சி. பெருவழிக்கும் பேட்டைக்கும் இடையே ஒருகாலத்தில் இருந்த உறவு இருபுறமும் இறங்கி ஏறும் உறவு. விரைவுப் போக்குவரத்திற்கென அமையும் சாலை அவ்வுறவைத் துண்டிக்கிறது. ஊரின் ஒருபுறம் வீடும் மறுபுறம் நிலமும் பள்ளியும் உடையோர்க்குச் சாலையே அகழியாகிவிடுகிறது. சுரங்கப்பாதைகளும் இணைப்புச் சாலைகளும் எங்கே அமையவேண்டும் என்பதை ஊரின் பழைய தெருக்கள் பெருவழியைத் தொட்ட இடங்களே காட்டித்தரும்.

மூன்றாவது, தொல்லிடப் பாதுகாப்பு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், மைய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுக்கிறது. ரஞ்சன்குடி போன்று கண்ணுக்குத் தெரியும் கோட்டைக்கு இவ்வரையறை பொருந்துகிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலோ கோயிலைச் சுற்றி வட்டமிட்டால் நகரம் வட்டத்திற்கு வெளியே நின்றுவிடுகிறது. அரண்மனை மேடே கோயிலிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில் உள்ளது. அகழாய்வில் இன்னும் வெளிப்படாத பெருவழிகளும் வாயில்களும் வயல்களின் கீழ் உள்ளன. புதிய சாலைக்குத் தடம் குறிப்போர் கல்வெட்டுப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் நிலவரைபடத்தில் இட்டுப் பார்த்த பின்னரே மண்ணை வெட்டவேண்டும். சட்டம் காவாத இடத்தில் வரைபடமேனும் காக்கவேண்டும்.

முடிவுரை

ரஞ்சன்குடியில் மதில் மதிலாகவே நிற்கிறது. பாறை அதனைத் தாங்கியதும், பெருவழி அதற்கு வெளியே சென்றதும் காரணங்கள். திருச்சியில் மதில் நீங்கி அதன் தடம் சாலையாயிற்று. நகரம் வளர்ந்ததும் மதிலிருந்த இடம் பொதுநிலமாக எஞ்சியதும் காரணங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் மதில் தன் இடத்தையும் இழந்தது. அதன் கல் வேறோர் ஆற்றுக்கு அணையாகவும் வேறோர் சாலைக்குத் தாங்கலாகவும் மாறியது. மூன்றிலும் முதல் முடிவை எடுத்தது நிலமே. பாறை வளைவைத் தந்தது. மேட்டுச் சமவெளி நேர்மையைத் தந்தது. கிழக்குச் சரிவு ஏரிக்கரையின் திசையையும் பெருவழி கடக்கவேண்டிய ஓடைகளையும் தந்தது.

இவ்வட்டாரத்தில் சாலை அமைப்போர், தாம் வெற்று நிலத்தில் முதற்கோடு வரைவதாகக் கருத இயலாது. மலையும் ஓடையும் மன்னரும் வண்டிக்காரரும் முன்பே வரைந்த கோடுகளின் மீதே அவர்களுடைய கோடும் விழுகிறது. அக்கோடுகளைப் படித்தறிதல் வரலாற்று ஆய்வாளரின் பணியாகவும், அவற்றுக்கேற்பப் பாலத்தையும் வளைவையும் இணைப்பையும் அமைத்தல் பொறியாளரின் பணியாகவும் அமைகின்றன. இவ்விரு பணிகளும் திட்டம் வரையும் கட்டத்திலேயே இணைய வேண்டும். மண்ணை வெட்டிய பின் இணைவதால் பயன் சிறிதே.